வழக்குக் கோவையைத் திறந்து காட்டுங்கள்: திருகோணமலையின் சிரேஷ்ட சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிரேஷ்ட சட்டத்தரணிகளே,

மாதத்துக்கு ஒரு தடவை, நீதிமன்ற அலுவல்கள் முடிந்த பிற்பகலில், கனிஷ்ட சட்டத்தரணிகளும் பயிலுநர்களும் தங்களோடு அமர்ந்து முடிவுற்ற வழக்குகளை ஆராய்வதற்கு இடமளிக்க வேண்டுமென நாங்கள் எழுத்தில் விடுத்த கோரிக்கை, தங்கள் கூட்டத்தில் "இப்போதைக்கு வசதிப்படாது" என்ற ஒரே வசனத்தோடு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதே கூட்டத்தில், உப்புவெளிக் கடற்கரை விடுதியொன்றில் இராப்போசனத்துடன் கூடிய "தொழில் தொடர்பு மாலை" ஒன்றை நடத்துவதென்றும், கனிஷ்டர்கள் கட்டணம் செலுத்தி அதிற் பங்குபற்றிச் சிரேஷ்டர்களின் அறிமுகத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் முடிவாகியிருக்கிறது. இந்த முடிவை என்னால் மௌனமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதைப் பற்றிப் பேச அந்தக் கூட்டத்தில் எமக்கு இடம் தரப்படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் தம்பலகாமத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். என் குடும்பத்திலோ உறவிலோ சட்டத்தரணி எவரும் இருந்ததில்லை. புதுக்கடையில் இலங்கைச் சட்டக் கல்லூரியில் படித்து, இறுதிப் பரீட்சையின் பின்னர் ஆறு மாதம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணம் செய்து ஊர் திரும்பியபோது, இந்த மாவட்டத்தின் நீதிமன்ற வளாகங்களில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. என்னைப் போன்றவர்களுக்குத் தொழில் உறவு என்பது பிறப்போடு வரும் சொத்தாக இருப்பதில்லை. அதை ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டும். எதைக் கொண்டு சம்பாதிப்பது என்பதில்தான் தங்கள் முடிவோடு நான் முரண்படுகிறேன்.

என் அனுபவத்தில் அந்த உறவு வேலையிலிருந்துதான் பிறந்தது. பயிலுநர் காலத்துக்குப் பின்னர் சில காலம் நான் உதவியாக இருந்த சிரேஷ்டர் ஒருவர், இப்போது தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், பாகப்பிரிவினை வழக்கொன்றின் வழக்குரையை (வழக்கைத் தொடுக்கும் மனுவை) வரையும் பொறுப்பை என்னிடம் தந்தார். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான அத்தகைய வழக்கில், காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வம்சாவளியை வழக்குரையே சொல்லியாக வேண்டும்; இறுதித் தீர்ப்பு, சில விதிவிலக்குகள் தவிர, வழக்கில் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும். நான் எழுதிக் கொடுத்த அட்டவணையில் மூன்றாம் தலைமுறைப் பெயரொன்றின் கீழே அவர் சிவப்புப் பேனாவாற் கோடிட்டு, "இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். கட்சிக்காரர் சொன்னார் என்றேன். "கட்சிக்காரர் சொன்னதைக் காணிப் பதிவகம் சொல்லுதா என்று பார்த்தனீரா?" என்றார். காணிப் பதிவகத்தில் அவரே என் அருகில் நின்று, அந்தக் காணிக்குரிய பதிவேட்டின் பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டி, ஓர் உறுதி (காணிப் பத்திரம்) முந்திய உறுதியோடு எவ்வாறு பிணைகிறது, எங்கே அந்தப் பிணைப்பு அறுந்து போகிறது என்பதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய வேறு வருமானம் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை விட்டு அங்கே நின்றார்.

அதே வழக்கில், விளக்கத்துக்கு (சாட்சிகளை அழைத்து விசாரிக்கும் கட்டத்துக்கு) முன்னர், அந்தச் சிரேஷ்டர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியை நீதிமன்ற விறாந்தையின் வாங்கிலில் அமரவைத்து, இரு தரப்பு உறுதிகளையும் பக்கத்திற் பக்கமாக விரித்தார்; எவற்றை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஏற்புகளாகப் பதியலாம், எவற்றை நீதிமன்றம் தீர்மானிக்கவேண்டிய எழுவினாக்களாக விடலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். குரல் உயரவில்லை, ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்த உரிமையும் எதுவுமில்லை. வழக்கின் சுமை மட்டும் பாதியாகக் குறைந்தது. அந்த எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பின்னாளில் என்னைத் தனது வழக்கொன்றுக்கு உதவியாக அழைத்தார். அவருக்கு என்னை எவரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. அந்த வாங்கிலில் நான் குறிப்பெடுத்த விதத்தையும், கேட்ட இடத்தில் உறுதியின் இலக்கத்தைத் தவறில்லாமல் எடுத்துச் சொன்னதையும் அவர் கண்டிருந்தார், அவ்வளவுதான்.

பயிலுநராக நான் இருந்த ஆறு மாதமோ வேறு விதமாகக் கழிந்தது. காலையிற் கோவைகளைக் கைநிறையச் சுமந்து சிரேஷ்டரின் பின்னாற் சென்று, மேசையில் வைத்து, மாலையில் மீண்டும் சுமந்து வந்தேன். அந்தக் கோவைகளுள் ஒன்றையாவது திறந்து வாசிக்கும்படி என்னிடம் சொல்லப்படவில்லை. ஏன் இந்த வழக்கு மறுதவணைக்குப் போகிறது, ஏன் இந்தச் சாட்சியை அழைக்கவில்லை என்று கேட்டால், "போகப் போக விளங்கும்" என்பதே பதில். கட்சிக்காரர் வந்தால் நான் வெளியே போய் நிற்க வேண்டும். காலம் முடிந்ததும், நான் வாசிக்காத கோவைகளையும் வரையாத ஆவணங்களையும் பற்றி எதுவுமே கேளாமல், பயிற்சி பூர்த்தியானது என்ற சான்றிதழிற் கையொப்பமிட்டுத் தரப்பட்டது. இது எனக்கு மட்டும் நேர்ந்ததென்றால் இந்த மடலுக்குத் தேவையில்லை. என்னோடும் எனக்குப் பின்னரும் வந்தவர்களில் எத்தனையோ பேர் இதையே சொல்கிறார்கள். அவர்கள் பெயரை எழுத முடியாது என்பதை இந்தச் சிறிய ஊரின் தொழில் நிலையை அறிந்த தாங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

1974 இல், நீதிமன்றில் வாதாடும் அப்புக்காத்து, கட்சிக்காரரிடம் அறிவுறுத்தல் பெற்று ஆவணங்களைத் தயாரிக்கும் பிறக்கிராசி என்ற பழைய பிரிவு நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகள் என்ற ஒரே பெயருக்குள் வந்தோம். அதன்பின்னர் கட்சிக்காரரைச் சந்தித்து அறிவுறுத்தல் பெறுவதும், வழக்குரை வரைவதும், நீதிபதியின் முன் எழுந்து பேசுவதும் ஒரே ஆளின் வேலையாகக்கூடும் என்றாகிவிட்டது. கொழும்பிலாவது ஒரே தெருவில் எத்தனையோ சிரேஷ்டர்களின் அலுவலகங்கள் இருக்கின்றன. ஓரிடத்திற் கற்க முடியாததை இன்னோரிடத்திற் கற்கலாம். இங்கே அப்படியல்ல. ஒரு சிரேஷ்டர் கதவைச் சாத்தினால், பல வேளைகளில் எல்லாக் கதவும் சாத்தப்பட்டதாகவே முடிகிறது.

சட்டத்தரணிகள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எதிர்த்தரப்பின் சிரேஷ்டர் ஒருவர், தமக்கு மேல் நீதிமன்றத்தில் வழக்கு இருப்பதால் மறுநாள் வழக்கை ஒத்திவைக்கத் தவணை கேட்கப்போவதாகத் தொலைபேசியிற் கூறி, நான் உடன்படுவேனா என்று கேட்டார். உடன்பட்டேன். வெருகலிலிருந்து வரவேண்டிய என் சாட்சியை, கூலி வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம் என்று அந்த இரவே தடுத்துவிட்டேன். காலையில் வழக்கு அழைக்கப்பட்டபோது அதே சிரேஷ்டர் எழுந்து, தாம் விளக்கத்துக்கு ஆயத்தமாக இருப்பதாகவும் வழக்காளி தரப்பே சாட்சியை அழைத்து வரவில்லை என்றும் நீதிமன்றத்திற் சொன்னார். தொலைபேசி உரையாடலை நான் எடுத்துச் சொன்னேன். அப்படியொன்றும் உறுதியாகப் பேசப்படவில்லை என்றார். செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடு தவணை கிடைத்தது. அதைக் கட்டுவதற்கு என் கட்சிக்காரர் தன் வீட்டில் எதை விற்றார் என்பது எனக்குத் தெரியும். அன்று மாலையே அந்தச் சிரேஷ்டர் வளாகத்தில் என்னைக் கண்டு, "இதெல்லாம் தொழில்தானே" என்று தோளில் தட்டிச் சென்றார்.

இதைத் தொழில் என்று நான் ஏற்கவில்லை. 2017 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை என்ற சட்டத்தொகுப்பைத் திருத்தி, விளக்கத்துக்கு முந்திய விசாரணை என்ற கட்டத்தைக் கொண்டு வந்தது. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் வழக்கின் பிணக்கு எது, ஏற்கப்படுவது எது என்பதை நேர்மையாகப் பேசக்கூடியவர்கள் என்ற நம்பிக்கையில்தான் அப்படியொரு கட்டம் பயன் தரும். தொலைபேசியிற் சொன்ன சொல் மறுநாள் காலையிற் செல்லாது என்றால், எந்தக் கனிஷ்டர் தன் கட்சிக்காரரின் ஏற்புகளைத் துணிந்து மேசையில் வைப்பார்? தாங்கள் வளர்க்க விரும்பும் தொடர்பு இதுவென்றால், விடுதியில் ஒரே மேசையில் உணவருந்துவதால் அது சீராகப் போவதில்லை.

மூதூர் கிழக்கிலிருந்து 2006 இல் இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் காணிப் பிரச்சினை, நான் சத்தியப்பிரமாணம் செய்த புதிதில் என்னிடம் வந்தது. நனையாமலிருக்கப் பொலித்தீனிற் சுற்றி வைத்திருந்த உறுதியை அந்த அம்மா என் மேசையில் விரித்தபோது, மடிப்புகளில் எழுத்து அழிந்து போயிருந்தது. காணியில் வேறொருவர் பத்து வருடத்துக்கு மேலாக ஆட்சி செய்வதாகவும், அதனால் காணி தமக்கே உரியதாகிவிட்டதாகவும் சொல்கிறார். யுத்த காலத்திற் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தப் பத்து வருட விதி ஓடாமற் செய்யும் விசேட ஏற்பாடுகள் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுத்தது. வழக்குத் தொடுப்பதற்கு அது தந்த கால அவகாசமோ வரையறுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குரையை எவ்வாறு அமைப்பது, இடப்பெயர்வை எந்த ஆவணத்தால் நிரூபிப்பது என்று அறிய நான் எமது ஊரின் சிரேஷ்டர் சிலரை நாடினேன். ஒருவர் பிறகு வரச் சொன்னார். மற்றொருவர், கட்சிக்காரரைத் தம்மிடம் அனுப்பிவிடும்படி சொன்னார். எனக்கு விடை தந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த, என்னைவிடச் சில வருடமே மூத்த முஸ்லிம் சட்டத்தரணி ஒருவர். தாம் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த வழக்குரையின் அமைப்பைக் கட்சிக்காரரின் விபரங்கள் நீக்கி எனக்குக் காட்டினார். கிராம உத்தியோகத்தரின் சான்றோடு முகாம் பதிவையும் பங்கீட்டு அட்டையையும் தேடிப் பிடிக்கச் சொன்னார். பதிலுக்கு என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பின்னாளில் அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் உறுதியைத் தம்பலகாமத்திற் சாட்சிகளிடம் விசாரித்து அறிய வேண்டி வந்தபோது, நான் அவருக்காக அந்த வேலையைச் செய்தேன். இன்று எனக்கு இந்தத் தொழிலில் மிக நெருங்கிய நண்பர்களில் அவரும் ஒருவர்.

கந்தளாயில் முன்னிலையாகும் சிங்களச் சட்டத்தரணி நண்பி ஒருவரோடும் எனக்கு இவ்வாறே பழக்கம் வந்தது. பொலிஸ் அறிக்கை சிங்களத்தில் இருந்தால் அவர் எனக்கு வாசித்துச் சொல்வார். தமிழில் உள்ள உறுதியை நான் அவருக்கு வாசித்துச் சொல்வேன். மூன்று சமூகத்தவரும் ஒரே நீதிமன்றத்துக்கு வரும் மாவட்டம் இது. யுத்தம் எமக்கிடையே விட்டுச் சென்ற அவநம்பிக்கையைக் கரைக்கக்கூடிய பொது இடங்கள் எமக்குச் சிலவே உண்டு. அவற்றில் நீதிமன்ற வளாகமும் ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன்.

தங்கள் கவனத்துக்கு வராத, அல்லது வந்தும் பேசப்படாத விளைவொன்று உண்டு. சிரேஷ்டரின் அலுவலகத்தில் வேலை கற்காத, ஊதியமும் பெறாத கனிஷ்டர் எப்படிச் சீவிப்பது? பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்டும் இளைஞரை, நீதிமன்ற வாசலிலும் பொலிஸ் நிலையத்தின் அருகிலும் நிற்கும் தரகர் தேடி வருகிறார். பிணை வழக்குகளைக் கொண்டு வந்து தருவேன், வரும் கட்டணத்தில் எனக்குப் பாதி என்கிறார். உயர் நீதிமன்றத்தின் 1988 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இவ்வாறு வழக்குத் தேடுவதைத் தடுப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் நேர்மையான வழியைக் காட்டவேண்டியவர்கள் காட்டாதபோது, தரகர் காட்டும் வழி மட்டுமே அந்த இளைஞரின் கண்ணுக்குத் தெரிகிறது. அதன்பின்னர் அவர் தொழிலில் அறிந்து வைத்திருக்கும் உறவுகள் எல்லாம் காசுக்கு வாங்கப்பட்டவை. அவரை ஒழுக்காற்று விசாரணைக்கு நிறுத்துவது இலகு. முதல் வருடத்தில் ஒரு கோவையைத் திறந்து காட்டியிருந்தால் பலர் அந்த வாசலுக்கே போயிருக்கமாட்டார்கள்.

விடுதி மாலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கனிஷ்டர்களிற் பெண்கள் பலர். மூதூருக்கும் குச்சவெளிக்கும் தம்பலகாமத்துக்கும் பஸ்ஸில் திரும்ப வேண்டியவர்கள் இரவு விருந்தில் தங்க முடியாது. மதுபானம் பரிமாறப்படும் இடத்துக்கு வர விரும்பாதவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். கட்டணமோ, இலவசமாக உழைக்கும் கனிஷ்டருக்குப் பெருந்தொகை. இவ்வளவையும் தாண்டி வருபவருக்கு அங்கே கிடைக்கப்போவது ஒரு கைகுலுக்கலும் ஒரு விசிற்றிங் கார்ட்டும்.

தங்களிற் பலர், "நாங்களும் எவரும் சொல்லித் தராமற்றான் கற்றோம்" என்பீர்கள். அதில் உண்மை உண்டு. சோதனைச் சாவடிகளைத் தாண்டி நீதிமன்றம் வந்து, ஊரடங்கிலும் இடப்பெயர்விலும் இந்தத் தொழிலை அணையவிடாமற் காத்தவர்கள் தாங்கள். காணாமற்போனவர்களுக்காகவும் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்காகவும் கட்டணம் வாங்காமல் முன்னிலையான சிரேஷ்டர்களை நான் அறிவேன். அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை இந்த மடலால் எள்ளளவும் குறையவில்லை. ஆயினும் தங்களுக்கு வாய்க்காதது எமக்கும் வாய்க்கக்கூடாது என்று இருக்க வேண்டியதில்லை. கனிஷ்டருக்குச் சொல்லித் தராத நுணுக்கம், அந்த அம்மாவைப் போன்ற கட்சிக்காரருக்கே இழப்பாகிறது. காலவெல்லை தவறினால் காணி போகும். அதற்குப் பின்னர் எவர் எவரை அறிந்திருந்தும் பயனில்லை.

ஆகவே தங்களிடம் நான் கோருவது இவைதாம்.

மாதாந்த வழக்காய்வுக் கூட்டத்தை மறுத்த முடிவை மீளப்பெற்று, அதை நீதிமன்ற நாளொன்றின் பிற்பகலில், வளாகத்துக்குள்ளேயே, கட்டணமின்றி ஆரம்பியுங்கள். மூதூர், கந்தளாய் நீதிமன்றங்களில் முன்னிலையாகும் முஸ்லிம், சிங்களச் சட்டத்தரணிகளையும் அதற்கு அழையுங்கள். மொழிபெயர்த்து உதவ நாங்கள் இருக்கிறோம். தொடர்பு மாலையை நடத்தித்தான் ஆகவேண்டும் என்றால், அதைப் பகலில், எல்லோரும் வரக்கூடிய இடத்தில் நடத்துங்கள்.

பயிலுநர் ஒருவரை ஏற்கும் ஒவ்வொருவரும், அந்த ஆறு மாதத்தில் அவர் எவற்றைச் செய்வார் என்பதை முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுங்கள்: ஒரு வழக்குரையையாவது ஒரு மறுமொழியையாவது வரைதல், கட்சிக்காரரிடம் அறிவுறுத்தல் பெறும்போது உடனிருத்தல், காணிப் பதிவகத்தில் ஒரு காணியின் பதிவுகளைத் தேடி முடித்தல், பிணை விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்தல். இவை நடந்த பின்னரே சான்றிதழிற் கையொப்பமிடுங்கள். பயிலுநரும் கனிஷ்டரும் தங்கள் வேலைக்காகச் செலவிடும் போக்குவரத்துக் காசையாவது தங்கள் அலுவலகம் கொடுக்கட்டும். அவர் வரைந்த ஆவணம் ஏற்கப்பட்டால், கட்சிக்காரரின் முன்னிலையில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

சட்டத்தரணிகள் தமக்குள் தவணைக்கோ ஏற்புக்கோ உடன்படும்போது அதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்றும், எழுதியதை மீறுபவர் அந்த நாளின் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்றும் தங்களிடையே ஓர் இணக்கத்துக்கு வாருங்கள். கனிஷ்டர்கள் அதிற் கையொப்பமிட ஆயத்தமாக இருக்கிறோம்.

இறுதியாக, அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த விடயத்தைச் சேர்த்து, கனிஷ்டர்களின் சார்பில் இருவர் பேச அனுமதி தாருங்கள். கூட்டத்துக்கு முன்னதாகத் தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். எமது முந்திய கோரிக்கையின் பிரதிகள் தேவைப்பட்டால், திகதியும் கையொப்பங்களும் உள்ளபடியே மீண்டும் கையளிப்போம்.

இப்படிக்கு,
திருகோணமலை நீதிமன்றங்களில் முன்னிலையாகும் சட்டத்தரணி ஒருவர்